எந்த ஓட்டையை முதலில் அடைப்பது? எமது அலுவலகக் கணனிகளுக்கு ஒரு மாதாந்த ஒழுங்கு

- கந்தளாயிலிருந்து ஓர் ஆசிரியர்

2023 ஓகஸ்ட் 26 ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை ரென்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குக் கப்பம் கேட்கும் தீய மென்பொருளையே ரென்சம்வெயார் என்கிறோம். அரச கிளவுட் வலையமைப்பில் இயங்கிய சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். சேவையை விரைவிலேயே மீண்டும் இயக்க முடிந்தது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மூன்று மாதங்களுக்கும் மேற்பட்ட காலத்தின் மின்னஞ்சல்கள் போய்விட்டன. அக்காலத்துக்குரிய, பயன்படுத்தக்கூடிய பிரதி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் இதற்குச் சொன்ன விளக்கத்தை நாம் எல்லோரும் கவனிக்க வேண்டும். அந்தச் சேவை மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மென்பொருளின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கிவந்த பாதுகாப்பு ஆதரவு 2023 ஏப்ரல் 11 ஆம் திகதியுடன் முடிந்திருந்தது. 2021 இலிருந்தே புதிய பதிப்புக்கு மாற எண்ணியிருந்தார்கள். நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய நிர்வாகத் தீர்மானங்கள் சிலவற்றாலும் அது தாமதமாகியது.

"காசு இல்லை, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்." பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களிலும் பள்ளிவாசல் நிர்வாக சபைக் கூட்டங்களிலும் நாம் கேட்டுப் பழகிய வார்த்தைகள்தாம் இவை.

எனது கணக்குப் பிழை

மற்றவர்களைக் குறை கூறுவதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நான் கடமையாற்றிய ஒரு பாடசாலையில் கணனிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். ஆய்வுகூடத்தில் இருபது கணனிகள், அலுவலகத்தில் ஒன்று. எல்லாம் ஒரே வயரில் இணைந்தவை. இணையத்துக்கு ஒரேயொரு டொங்கள். மாதம் பத்தாம் திகதி வருவதற்குள் டேட்டா முடிந்துவிடும். ஆகவே எல்லாக் கணனிகளிலும் தானாக அப்டேட் ஆவதை நானே நிறுத்தி வைத்திருந்தேன்.

ஒரு தவணையில் மேற்பார்வைக்கு அதிகாரிகள் வருவதாக அறிவித்தல் வந்தது. இருந்த டேட்டா முழுவதையும் ஆய்வுகூடக் கணனிகளை அப்டேட் செய்வதில் செலவழித்தேன். கண்ணில் படுவது அதுதானே. அலுவலகக் கணனியில் உட்கார்ந்தபோது, "வேலை நடக்குது சேர், இப்ப ரீஸ்டார்ட் பண்ண வேணாம்" என்றார்கள். சரி, பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் அந்த அலுவலகக் கணனியின் கோப்புகள் எல்லாம் பெயர் மாறிக் கிடந்தன. திரையில் கப்பம் கேட்டு ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல். மூன்று தவணைப் புள்ளிகள், மாணவர் விபரங்கள், கடிதங்கள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன. அதன் பிரதி? அதே கணனியின் மற்றொரு டிரைவில் இருந்தது. அதுவும் பூட்டப்பட்டிருந்தது. நான்கு ஆசிரியர்கள் ஒன்பது நாட்கள் இருந்து, புள்ளிப் புத்தகங்களைப் பார்த்துக் கையால் மீண்டும் பதிந்தோம். பழைய மாணவர் விபரங்கள் சில இன்று வரை கிடைக்கவில்லை.

பின்னர் பார்த்த ஒருவர், அந்தத் தீய மென்பொருள் நுழைந்த ஓட்டைக்கு எப்போதோ அப்டேட் வெளியாகியிருந்ததைக் காட்டினார். அன்று என்னிடம் இருந்த டேட்டா அந்த ஒரு கணனிக்குத் தாராளமாகப் போதும். எதற்கு முதலிடம் கொடுப்பது என்பதில்தான் நான் பிழைவிட்டேன்.

ஒட்டு என்றால் என்ன?

மென்பொருளை எழுதுபவர்கள் மனிதர்கள். கோடிக்கணக்கான வரிகளில் பிழைகள் இருக்கவே செய்யும். அவற்றுள் சில, வெளியார் நுழையக்கூடிய ஓட்டைகளாக அமைந்துவிடுகின்றன. கண்டுபிடிக்கப்பட்டதும் நிறுவனம் அதை அடைக்கும் ஒரு சிறு மென்பொருளை வெளியிடும். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவது போன்றது இது. இதை ஆங்கிலத்தில் பெச் என்கிறார்கள். நாம் பாதுகாப்பு ஒட்டு என்போம்.

மைக்ரோசொப்ட் 2003 ஒக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இந்த ஒட்டுகளை மொத்தமாக வெளியிடுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு வெளியாகும்போது எமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. எனவே எமது வேலை புதன்கிழமை காலையில் ஆரம்பிக்கிறது.

தாக்குபவர்களின் வேலையும் அதே நேரத்தில்தான் ஆரம்பிக்கிறது. பழைய கோப்பையும் ஒட்டுப் போட்ட கோப்பையும் பக்கத்தில் வைத்து, எங்கே மாற்றம் செய்யப்பட்டுள்ளது என்று ஒப்பிடுவார்கள். மாற்றப்பட்ட இடம்தான் ஓட்டை இருந்த இடம். ஒட்டு வெளியானவுடன் ஒட்டுப் போடாதவரின் ஆபத்து கூடுவது இதனால்தான்.

இதற்கு உலகறிந்த உதாரணம் வன்னகிரை. விண்டோஸில் கணனிகளுக்கிடையே கோப்புகளைப் பகிரும் பகுதியில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 14 ஆம் திகதி ஒட்டு வெளியானது. மே 12 ஆம் திகதி அந்த ஓட்டையைப் பயன்படுத்தி வன்னகிரை பரவியது. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையிருக்கவில்லை. ஒரு கணனியிலிருந்து வலையமைப்பின் மற்றக் கணனிகளுக்குத் தானாகத் தாவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணனிகள் பாதிக்கப்பட்டன. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளில் ஆயிரக்கணக்கான நோயாளர் சந்திப்புகள் இரத்தாகின. ஒட்டுப் போட 59 நாட்கள் அவகாசம் இருந்தது.

எல்லாவற்றையும் உடனே செய்துவிட முடியாதா?

இருபது கணனிகளும் ஒரு டொங்களும் ஓர் ஆசிரியரும் இருக்கும் இடத்தில் முடியாது. ஆயிரம் கணனிகளும் தனிப் பிரிவும் உள்ள வங்கியாலும் முடியாது. 2024 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகளவில் 40,000 இற்கும் மேற்பட்ட மென்பொருள் ஓட்டைகள் பதிவாகின. ஆனால் அவற்றுள் மிகச் சிறிய பகுதியே உண்மையான தாக்குதல்களில் பயன்படுத்தப்படுகின்றன. அந்தச் சிறிய பகுதியை முதலில் பிடிப்பதே எமது வேலை.

கந்தளாயில் வாழ்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலையில் எமது குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த இழப்பையும் கணனிக் கோப்புகளின் இழப்பையும் நான் ஒருபோதும் ஒப்பிட மாட்டேன். ஆனால் அந்த விடியலை அனுபவித்த ஊரில் எவருக்கும் ஒரு விடயத்தைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. வயல் வரம்பில் நண்டு துளைத்த ஓட்டையும் ஓட்டைதான், குளக்கட்டில் கசிவதும் ஓட்டைதான். இரண்டையும் ஒரே நாளில் கண்டால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவோம்? வரம்பு ஓட்டை பெரிதாகவும் கட்டில் கசிவு சிறிதாகவும் இருந்தாலும் கட்டுக்குத்தான் ஓடுவோம். ஓட்டையின் அளவைப் பார்ப்பதோடு, அதற்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, முன்னால் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் பார்ப்போம்.

கணனியிலும் அப்படித்தான். ஒவ்வொரு ஓட்டைக்கும் பூச்சியத்திலிருந்து பத்து வரை ஒரு பாரதூரப் புள்ளி வழங்கப்படுகிறது. அது ஓட்டையின் தன்மையைச் சொல்லும். அந்த ஓட்டை உங்கள் அலுவலகத்தில் எந்தக் கணனியில் இருக்கிறது என்பது அந்தப் புள்ளிக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதலாவது, இந்த ஓட்டையை இப்போது யாராவது பயன்படுத்துகிறார்களா? மைக்ரோசொப்ட் தனது மாதாந்தப் பட்டியலிலேயே எந்த ஓட்டை ஏற்கனவே தாக்குதலில் பயன்படுத்தப்பட்டுள்ளது என்று குறிப்பிடுகிறது. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு நிறுவனமான சிசா, பயன்பாட்டில் உள்ள ஓட்டைகளின் பட்டியலொன்றை 2021 நவம்பரிலிருந்து பகிரங்கமாகப் பேணி வருகிறது. எவரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்களிடம் உள்ள மென்பொருள் அதில் இருந்தால் அதுவே முதலாவது வேலை.

இரண்டாவது, அந்தக் கணனியை வெளியிலிருந்து எட்ட முடியுமா? மின்னஞ்சல் சேவையகம், இணையத்தளம் இயங்கும் சேவையகம், வீட்டிலிருந்து அலுவலகத்துக்குள் நுழைய வைத்திருக்கும் வழி, சுவரில் தொங்கும் ரூட்டர் ஆகியவை இணையத்தை நேரே பார்த்துக்கொண்டிருப்பவை. உலகின் எந்த மூலையிலிருந்தும் அவற்றின் கதவைத் தட்டலாம். குறிப்பாக ரூட்டரை நாம் யாரும் கணனியாகவே கருதுவதில்லை. அதற்கும் மென்பொருள் உண்டு, ஒட்டுகளும் உண்டு.

மூன்றாவது, அது விழுந்தால் யாருக்கு என்ன இழப்பு? ஆய்வுகூடத்தில் ஒரு கணனி போனால் ஒரு பாடவேளை போகும். புள்ளிகளும் சம்பள விபரமும் உள்ள கணனி போனால் பாடசாலையே நிற்கும்.

மூன்றுக்கும் பதில் "ஆம், பெரிதுதான்" என்றால் அன்றே செய்ய வேண்டும். மூன்றுக்கும் "இல்லை" என்றால் மாத முடிவு வரை பொறுக்கலாம். இடைப்பட்டவை எவ்வளவு காலம் பொறுக்கலாம் என்பதற்கு அவுஸ்திரேலிய அரசு தனது நிறுவனங்களுக்கு வகுத்துள்ள அடிப்படை அளவுகோல் எமக்கும் பொருந்தும். இணையத்தை நோக்கிய சேவைகளில் பாரதூரமான, அல்லது தாக்கும் வழி ஏற்கனவே வெளிவந்துவிட்ட ஓட்டைகளுக்கு 48 மணித்தியாலங்கள். அந்தச் சேவைகளின் ஏனைய ஓட்டைகளுக்கும், பிரவுசர், ஒபிஸ், பிடிஎப் வாசிப்பான் போன்றவற்றுக்கும் இரண்டு வாரங்கள். உள்ளே இருக்கும் ஏனைய கணனிகளின் இயங்குதளத்துக்கு ஒரு மாதம்.

சேவையகம் வேறு, மேசைக் கணனி வேறு

சேர்வர் என்று நாம் சொல்லும் சேவையகம் பலருக்குப் பொதுவானது. அதை மீள இயக்கினால் எல்லோருடைய வேலையும் நிற்கும். இதனால்தான் அதற்கு ஒட்டுப் போடுவதைத் தள்ளிப்போடுகிறோம். ஆனால் எல்லோருடைய கோப்பும் அதில்தான் இருக்கிறது. எனவே அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். எமது பாடசாலைகளில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கலைந்த பின் அலுவலகம் அமைதியாக இருக்கும். முதலில் பிரதி எடுத்து, பின்னர் ஒட்டுப் போட்டு, மீள இயக்கி, அன்று மாலையே எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வீடு செல்லலாம்.

மேசைக் கணனிகளின் கதை வேறு. அவற்றை வெளியிலிருந்து நேரே எட்டுவது கடினம். ஆனால் உட்கார்ந்திருப்பவர் கதவைத் திறந்துவிடுவார். வந்த இணைப்பைத் திறப்பதும், யாரோ தந்த பென்ட்ரைவைச் செருகுவதும் அங்கேதான். ஆகவே மேசைக் கணனிகளுக்குள்ளும் ஒரு வரிசை வேண்டும். வெளியிலிருந்து மின்னஞ்சல் வரும் எழுதுவினைஞரின் கணனி, கணக்காளரின் கணனி, அதிபரின் மடிக்கணனி ஆகியவை முதலில். ஆய்வுகூடக் கணனிகள் அதன் பின். ஒவ்வொன்றிலும் பிரவுசர் முதலில்.

ஒரே ஓட்டை இரண்டு இடங்களில் இரு விதமாக நடத்தப்பட வேண்டியிருக்கும் என்பதற்கு 2021 ஜூலையில் பேசப்பட்ட பிரின்ட் நைட்மெயார் நல்ல உதாரணம். அச்சு வேலையை வரிசைப்படுத்தும் விண்டோஸ் சேவையில் இருந்த ஓட்டை அது. பிரின்டர் இணைத்த மேசைக் கணனிக்கு ஒட்டு அவசியம். ஆனால் பயனர் கணக்குகளை மாத்திரம் நிர்வகிக்கும் சேவையகத்துக்கு அச்சிடும் சேவை எதற்கு? அதை அங்கே நிறுத்திவிட்டால் கதவே இல்லாமல் போய்விடும். தேவையற்றதை நிறுத்துவதும் பாதுகாப்புத்தான். அதற்கு டேட்டாவும் தேவையில்லை.

அவசரத்திலும் ஒரு நிதானம்

"அப்டேட் பண்ணினால் கணனி பழுதாகிவிடும்" என்று சொல்பவர்களை நான் கேலி செய்வதில்லை. 2024 ஜூலை 19 ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்றினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் நீலத்திரையுடன் நின்றுபோயின. விமானச் சேவைகளும் வைத்தியசாலைகளும் தடைப்பட்டன. பிழை ஒன்றுதான். ஒரே நேரத்தில் எல்லாக் கணனிகளுக்கும் அனுப்பியதே அதைப் பேரழிவாக்கியது.

இதற்காக அப்டேட்டை நிறுத்துவது புத்திசாலித்தனம் ஆகாது. முக்கியமில்லாத ஒரு கணனியில் முதலில் போட்டு, ஓரிரு நாட்கள் வேலை செய்து பாருங்கள். பிரின்டர் ஓடுகிறதா, கல்வி அமைச்சின் தரவுப் பதிவேற்றம் நடக்கிறதா, தமிழ் எழுத்துரு சரியாக வருகிறதா? சரியென்றால் மற்றவற்றுக்குப் போடுங்கள். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும் ஓட்டையென்றால் மாத்திரம் இந்தச் சோதனையைச் சில மணித்தியாலங்களாகச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

எதற்கும் முன்னால் பிரதி. ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, வயரைக் கழற்றி, அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். இணைந்தே இருக்கும் பிரதியை ரென்சம்வெயார் சேர்த்துப் பூட்டிவிடும். நான் இழந்தது அப்படித்தான்.

டேட்டாவும் பழைய கணனிகளும்

டேட்டாப் பிரச்சினைக்கு ஒரு சிறு வழி உண்டு. விண்டோஸ் அப்டேட்டின் அமைப்புகளில், அதே வலையமைப்பிலுள்ள மற்றக் கணனிகளிலிருந்து அப்டேட்டைப் பெற அனுமதிக்கும் தெரிவொன்று இருக்கிறது. அதை இயக்கினால் ஒரு கணனி இறக்கியதில் பெரும் பகுதியை மற்றவை அதனிடமிருந்து பெற்றுக்கொள்ளும். இருபது தடவை இறக்கத் தேவையில்லை. இதை அன்று நான் அறிந்திருந்தால் அப்டேட்டை நிறுத்தியிருக்கவே மாட்டேன்.

இதைவிடப் பெரிய பிரச்சினை பழைய விண்டோஸ். விண்டோஸ் 7 இற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 ஆம் திகதியும் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியும் முடிவடைந்துவிட்டன. நன்கொடையாகக் கிடைத்த பழைய கணனிகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10 இற்கு மேலதிக காலத்துக்கு ஒட்டுகளைப் பெறப் பதிவுசெய்துகொள்ளும் திட்டமொன்று உண்டு. இல்லையெனில் லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாறலாம். அதுவும் முடியாவிட்டால் அந்தக் கணனியை வலையமைப்பிலிருந்து கழற்றித் தட்டச்சுப் பயிற்சிக்கு மாத்திரம் வைத்திருங்கள். கடைகளில் குறைந்த விலைக்குப் போட்டுத் தரும் உரிமமில்லாத விண்டோஸில் அப்டேட் பெரும்பாலும் முடக்கப்பட்டே இருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

யாருடைய பொறுப்பு?

எமது ஊர்களில் இன்று பாடசாலை மட்டும் கணனியில் இயங்கவில்லை. பள்ளிவாசலின் சந்தாப் பட்டியல், ஸகாத் பெறுவோரின் பெயர்கள், ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் கணக்கு, விவாகப் பதிவு விபரங்கள், கூட்டுறவுக் கடன் பட்டியல் எல்லாம் யாரோ ஒருவரின் கணனியில் இருக்கின்றன. தான் ஸகாத் பெறுவதை அயலவர் அறியக் கூடாது என்று நம்பி ஒரு விதவைத் தாய் தனது விபரத்தை எம்மிடம் தந்திருக்கிறார். அது அமானிதம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் நாட்டில் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் வந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரு பயிற்சிக் கொப்பியை எடுங்கள். நிறுவனத்தில் உள்ள ஒவ்வொரு கணனியையும், ரூட்டரையும் சேர்த்து, ஒரு வரியில் எழுதுங்கள். என்ன விண்டோஸ், யார் பயன்படுத்துகிறார், அதில் என்ன இருக்கிறது, வெளியிலிருந்து எட்ட முடியுமா என்று பக்கத்தில் குறியுங்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளின்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிடுங்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாயை அடுத்த புதன்கிழமை அந்தக் கொப்பியைத் திறந்து, முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கி, முடிந்ததற்குத் திகதியிடுங்கள். பொறுப்பானவர் ஒருவரை நியமித்து, அவர் லீவில் சென்றால் யார் என்பதையும் எழுதிவையுங்கள். அதிபரோ தலைவரோ மாதத்துக்கு ஒரு தடவை அதில் கையொப்பமிட்டால் போதும்.

இப்போது நான் கடமையாற்றும் இடத்தில் அப்படியொரு கொப்பி அலுவலக அலுமாரியில் இருக்கிறது. அதன் முதலாவது வரியில் அலுவலகக் கணனி இருக்கிறது. ஆய்வுகூடத்தின் இருபது கணனிகளும் மேற்பார்வைக்கு அதிகாரிகள் வந்தாலும் வராவிட்டாலும் மூன்றாம் இலக்கத்தில்தான் இருக்கின்றன.